மலையில் இருந்துகொண்டு அரசு டெண்டர் போடுவது எப்படி: முதல் தடவை போடுகிறவர்களுக்கு

கோத்தகிரியில் மளிகையும் காய்கறியும் விற்கிற சின்னக் கடை எங்களுடையது. அரசு விடுதிக்கு வருடம் முழுக்கச் சப்ளை செய்ய டெண்டர் விடுகிறார்கள், நீயும் போட்டுப் பாரேன் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். போட்டேன். முதல் தடவை என் டெண்டர் போய்ச் சேரவே இல்லை. இரண்டாவது தடவை விலையைப் பிரித்துப் பார்க்காமலேயே தள்ளிவிட்டார்கள். மூன்றாவது தடவை கிடைத்தது, ஆனால் ஏன்டா கிடைத்தது என்று ஆறு மாதம் நொந்துகொண்டேன். நான்காவதில்தான் ஏதோ நாலு காசு நின்றது.

இந்த நான்கில் கற்றதை வரிசையாக எழுதிவிடுகிறேன். கட்டட வேலை, சாலை வேலைக்கான காண்ட்ராக்ட் வேறு உலகம், அதற்கு வகுப்புவாரிப் பதிவெல்லாம் வேண்டும். இங்கே எழுதுவது பொருளோ சேவையோ கொடுக்க நினைக்கிற சிறு கடைக்காரர்களுக்கு.

1. யார் வாங்குகிறார்கள் என்று முதலில் பாருங்கள்

நம் மாவட்டத்தில் வாங்குகிறவர்கள் இரண்டு பெரிய கூட்டம். ஒன்று மாநில அரசு அலுவலகங்கள், நகராட்சி, பேரூராட்சி, அரசு விடுதி, மருத்துவமனை வகையறா. இவர்களைக் கட்டுப்படுத்துவது தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைச் சட்டம், 1998, அப்புறம் அதன் கீழ் வந்த 2000ஆம் ஆண்டு விதிகள். இவர்களுடைய மின்னணு டெண்டர்கள் டிஎன்டெண்டர்ஸ் தளத்தில் வரும். இன்னொன்று மத்திய அரசு. வெலிங்டன் ராணுவ முகாம், அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை, ரயில்வே எல்லாம் இதில் சேரும். இவர்கள் பெரும்பாலும் ஜெம் என்கிற மத்திய அரசின் இணையச் சந்தையிலோ மத்தியக் கொள்முதல் தளத்திலோ வாங்குவார்கள்.

இரண்டுக்கும் தளம் வேறு, பதிவு வேறு, சலுகை விதிகளும் வேறு. அருவங்காட்டுக்கு சப்ளை செய்கிற நண்பர் சொன்ன விதியை நம்பி நான் மாநில டெண்டரில் மாட்டிக்கொண்டேன், அந்தக் கதை ஐந்தாவதில் வருகிறது.

சின்னத் தொகைக்கு டெண்டரே இருக்காது, மூன்று கடையில் விலைப்புள்ளி வாங்கி முடித்துவிடுவார்கள். புதிதாக வருகிறவர்கள் அதிலிருந்து தொடங்குவதுதான் நல்லது என்பேன். அலுவலகத்துக்குப் போய், கடை விவரத்தையும் விலைப்பட்டியலையும் கொடுத்து, கொட்டேஷன் கேட்கும்போது எங்களையும் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு வாருங்கள். பின்னால் டெண்டரில் முன் அனுபவச் சான்று கேட்கும்போது இந்தச் சின்ன ஆர்டர்கள்தான் கைகொடுக்கும்.

2. காகிதங்களை டெண்டர் வருவதற்கு முன்பே சேர்த்து வையுங்கள்

மாநில விதிப்படி 2 கோடி ரூபாய் வரைக்குமான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும். மேலதிகாரி காரணம் எழுதி அதையும் குறைக்கலாம். 15 நாள் நிறைய என்று தோன்றும். அறிவிப்பு உங்கள் கண்ணில் படும்போது அதில் ஐந்து நாள் போயிருக்கும். நடுவில் சனி ஞாயிறு, ஒரு பண்டிகை, ஒரு நாள் மழை விடுமுறை. கையில் மிஞ்சுவது ஆறேழு வேலை நாள்தான்.

அதனால் இவற்றை இப்போதே ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள்:

- பான் அட்டை, ஆதார், கடையின் பெயரில் நடப்புக் கணக்கு, ரத்து செய்த காசோலை ஒன்று.
- ஜி.எஸ்.டி. பதிவு. தமிழ்நாட்டில் பொருள் விற்கிறவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம், சேவைக்கு 20 லட்சம் தாண்டினால்தான் கட்டாயம். ஆனால் டெண்டர் ஆவணத்தில் அந்த எண்ணைக் கேட்டிருந்தால் எனக்குத் தேவையில்லை என்று வாதம் பண்ண இடமில்லை.
- உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு நிறுவனங்களுக்கான மத்திய அரசுப் பதிவு. இதற்குக் கட்டணம் கிடையாது. இணையத்தில் தேடினால் அரசுத் தளம் மாதிரியே இருக்கிற தனியார் தளங்கள் முதலில் வந்து நிற்கும், ஆயிரம் இரண்டாயிரம் கேட்கும். ஏமாறாதீர்கள்.
- உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவு அல்லது உரிமம்.
- கடைசி மூன்று வருட வருமான வரிக் கணக்கு, ஆடிட்டர் கையெழுத்திட்ட விற்றுமுதல் சான்று.
- முன் அனுபவச் சான்று. பழைய ஆர்டர் நகல் மட்டும் போதாது, வேலையை ஒழுங்காக முடித்தார் என்று வாங்கியவர் எழுதிக் கொடுத்தது வேண்டும்.
- கேட்டால், தாசில்தார் தருகிற சொத்து மதிப்புச் சான்று. இதுதான் இழுக்கும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, வி.ஏ.ஓ., ஆர்.ஐ. என்று ஒவ்வொரு படியாக ஏறி வர எனக்கு மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. பெரிய டெண்டரில் இறங்குகிற எண்ணம் இருந்தால் வருடத் தொடக்கத்திலேயே எடுத்து வைத்துவிடுங்கள்.

எல்லாவற்றிலும் கடைப் பெயரும் உங்கள் பெயரும் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பானில் இனிஷியல் முன்னால், ஜி.எஸ்.டி.யில் அப்பா பெயர் விரிவாகப் பின்னால் என்று எனக்கு இருந்தது. அதைச் சரிசெய்யவே தனியாக அலைந்தேன்.

3. டிஜிட்டல் கையொப்பம்

இணையத்தில் டெண்டர் போட உங்கள் கையெழுத்து இதுதான், பென்டிரைவ் மாதிரி ஒரு டோக்கனில் போட்டுத் தருவார்கள். மூன்றாம் வகுப்புச் சான்றிதழ்தான் வேண்டும், இரண்டாம் வகுப்பு 2021 ஜனவரியோடு நின்றுவிட்டது. வாங்கும்போது கையொப்பமும் மறையாக்கமும் (என்கிரிப்ஷன்) இரண்டும் சேர்ந்ததா என்று கேட்டு வாங்குங்கள், கையொப்பம் மட்டும் உள்ளது டெண்டருக்குப் பற்றாது. இரண்டு வருடத்துக்கு எனக்கு டோக்கனோடு 2,000 ரூபாய் சொச்சம் ஆனது, விற்கிறவரைப் பொறுத்து ஏறும் இறங்கும். வீடியோவில் முகம் காட்டி உறுதிசெய்தால் ஓரிரு நாளில் கிடைக்கும், டோக்கன் கூரியரில் மலை ஏறி வர இன்னும் இரண்டு நாள்.

டோக்கன் கடவுச்சொல்லைத் தப்பாகத் திரும்பத் திரும்ப அடித்தால் பூட்டிக்கொள்ளும். அதைவிட முக்கியம், டோக்கனையும் கடவுச்சொல்லையும் பிரவுசிங் சென்டரில் கொடுத்துவிட்டு வராதீர்கள். அது உங்கள் கையெழுத்து. உங்கள் பெயரில் யார் எதில் கையெழுத்துப் போட்டாலும் பதில் சொல்லப்போவது நீங்கள்.

வந்த அன்றே டிஎன்டெண்டர்ஸ் தளத்தில் ஏலதாரராகப் பதிவுசெய்து, டோக்கனை இணைத்து, ஒரு தடவை உள்ளே போய் வெளியே வந்து பாருங்கள். ஜாவா பிரச்சினை, டோக்கன் டிரைவர் பிரச்சினை எல்லாம் அன்றைக்கே வரட்டும். கைபேசியில் இந்த வேலை நடக்காது, விண்டோஸ் கணினி வேண்டும்.

4. அறிவிப்பை எங்கே பார்ப்பது, எப்படிப் படிப்பது

தளத்தில் உள்ளே நுழையாமலேயே துறைவாரியாகத் தேடலாம். தினமும் காலையில் கடை திறந்ததும் ஐந்து நிமிடம் பார்க்கிற பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். நாளிதழ் விளம்பரமும் மாவட்ட டெண்டர் இதழும் உண்டு. ஊட்டி போகிற வேலை இருந்தால் அலுவலக அறிவிப்புப் பலகையையும் ஒரு பார்வை பாருங்கள்.

ஆவணத்தை இறக்கியதும் விலைப்பட்டியலுக்குத் தாவாதீர்கள், எல்லோரும் செய்கிற தப்பு அது. முதலில் தகுதி நிபந்தனை. அதில் ஒன்று குறைந்தாலும் மற்றதைப் படிக்கத் தேவையில்லை, மூடி வைத்துவிடலாம். அடுத்து தேதிகள். அதற்கப்புறம் பொருளை எங்கே கொண்டுபோய் இறக்க வேண்டும் என்பது. "மாவட்டத்திலுள்ள அனைத்து விடுதிகளுக்கும்" என்று ஒரு வரி எங்காவது ஒளிந்திருக்கும். ஊட்டியிலிருந்து கூடலூர் 50 கிலோமீட்டர், பந்தலூர் அதற்கும் அப்பால். அந்தப் பக்கம் ஜூன், ஜூலையில் பெய்கிற மழையைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே விலையில் கோத்தகிரிக்கும் பந்தலூருக்கும் முட்டைக்கோஸ் கொடுக்கச் சம்மதிக்கிறோம் என்று அந்த ஒரு வரிக்குப் பொருள்.

மாதிரிப் பொருள் கேட்டிருந்தால் அதற்குத் தனித் தேதி இருக்கும். மே மாதம் என்றால் ஒரு நாள் முன்னாலேயே கொண்டுபோய்க் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். சீசனில் குன்னூர், கோத்தகிரிச் சாலைகளை ஒருவழியாக்கிவிடுவார்கள், ஊட்டி சேரிங்கிராஸில் வண்டி நகராது. மூன்று மணிக்குள் போய்விடலாம் என்று கணக்குப் போட்டால் அது நம் கணக்கு, போலீஸ்காரர் கணக்கு வேறாக இருக்கும்.

ஆவணத்தில் புரியாததை டெண்டருக்கு முன்னால் நடத்துகிற விளக்கக் கூட்டத்தில் கேளுங்கள், இல்லையென்றால் எழுத்தில் கேளுங்கள். அலுவலகத்தில் யாரோ வாயால் சொன்னதை வைத்துக்கொண்டு விலை போடாதீர்கள். அப்புறம், திருத்த அறிவிப்பு. தேதியோ அளவோ மாறினால் அதே தளத்தில்தான் போடுவார்கள், உங்களுக்கு யாரும் போன் பண்ணமாட்டார்கள். கடைசி நாள் வரை தினமும் திறந்து பாருங்கள்.

5. முன்வைப்புத் தொகை, அதாவது இ.எம்.டி.

டெண்டர் போட்டுவிட்டுப் பாதியில் ஓடிவிடாமல் இருக்க வாங்கி வைக்கிற பணம். மாநில விதிப்படி இது பொதுவாகக் கொள்முதல் மதிப்பில் 1 சதவீதத்தைத் தாண்டாது. 20 லட்ச ரூபாய் டெண்டர் என்றால் 20,000 வரை. கிடைக்காவிட்டால் திரும்ப வரும், கிடைத்து நீங்கள் பின்வாங்கினால் போயே போய்விடும்.

என் இரண்டாவது டெண்டர் செத்தது இங்கேதான். உத்யம் சான்று வைத்திருந்தால் இ.எம்.டி. கட்ட வேண்டாம் என்று நண்பர் சொன்னார். அவர் சொன்னதில் பொய் இல்லை, மத்திய அரசின் 2012ஆம் ஆண்டுக் கொள்முதல் கொள்கையில் குறு, சிறு நிறுவனங்களுக்கு அந்த விலக்கு இருக்கிறது. ஆனால் அவர் ஊறுகாயும் மசாலாப் பொடியும் தானே தயாரிக்கிறவர். நான் வாங்கி விற்கிறவன். 2021 ஜூலையில் வியாபாரிகளையும் உத்யத்தில் சேர்த்தார்களே தவிர, அது வங்கிக் கடனில் முன்னுரிமைக்கு மட்டும்தான். மாநில டெண்டர்களில் விலக்கு இருந்தாலும் பெரும்பாலும் அந்தப் பொருளைத் தயாரிக்கிறவருக்கு என்று எழுதியிருப்பார்கள். உத்யம் சான்றை ஏற்றிவிட்டுப் பணம் கட்டாமல் விட்டேன். விலைக்கு முன்னால் தகுதிக் காகிதங்களைப் பார்ப்பார்கள், அதற்குத் தொழில்நுட்பக் கவர் என்று பெயர். அதைத் திறந்ததும் தள்ளுபடி. பத்தாயிரத்துச் சொச்சம் கட்டியிருந்தால் எனக்கே கிடைத்திருக்கும், என் விலைதான் மிகக் குறைவு என்பது பின்னால் மற்ற விலைகளைப் பார்த்தபோது தெரிந்தது. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

கொஞ்சமாவது சந்தேகம் இருந்தால் கட்டிவிடுங்கள், எப்படியும் திரும்பி வரப்போகிற பணம்.

எப்படிக் கட்டச் சொல்லியிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். ஆன்லைனில் என்றால் தளம் தருகிற சலான் எண்ணுக்கு, அதே தொகையை, ஒரு ரூபாய் கூடக் குறையாமல் அனுப்ப வேண்டும். நெஃப்ட் போய்ச் சேர்ந்து தளத்தில் காட்டும்வரை காத்திருக்க வேண்டும், அதனால் குறைந்தது இரண்டு வேலை நாள் முன்னால். டி.டி. என்றால் யார் பெயரில், எந்த ஊரில் மாற்றத்தக்கது என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். உதகமண்டலம் என்று இருக்க வேண்டிய இடத்தில் குன்னூர் என்று எடுத்துக்கொண்டு போய் நின்றவர் எனக்குத் தெரிந்தே ஒருவர் இருக்கிறார்.

6. விலை போடுவது

நான் அதிகம் பணம் விட்டது இதில்தான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

மூன்றாவது டெண்டரில், வருடம் முழுக்க ஒரே விலை என்ற நிபந்தனை. நான் போட்ட மாதம் கேரட் மலிவு. மேட்டுப்பாளையம் மண்டி விலையைப் பார்த்து, மேலே இரண்டு ரூபாய் வைத்துப் போட்டேன். என் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே விளைகிற பொருள், எனக்கென்ன பயம் என்று ஒரு திமிர். ஐப்பசி மழையில் தோட்டமெல்லாம் அழுகியது, விலை இரண்டு மடங்கைத் தாண்டியது. நமக்குப் பக்கத்தில் விளைந்தாலும் விலை வைப்பது மண்டிதான். தினமும் கைக்காசு போட்டு வாங்கிக் கொடுத்தேன். டிசம்பர் கடைசியில் உறைபனி, கீரை கருகியது, அது இன்னொரு அடி.

இப்போது நான் செய்வது இதுதான். கடந்த மூன்று வருடத்தில் ஒவ்வொரு காய்க்கும் மாதவாரியாக நான் வாங்கிய விலையை நோட்டில் எழுதி, அதன் சராசரியை எடுக்கிறேன். மலிவு மாதத்தை அடிப்படையாக வைப்பதில்லை. அதன் மேல் இவற்றை ஏற்றுகிறேன்:

- வண்டி வாடகை, ஏற்றுக் கூலி, இறக்குக் கூலி. மலைப்பாதையில் டீசல் கூடுதல். மளிகைக்குக் கீழேயிருந்து வெளி மாவட்ட வண்டி வருகிறதென்றால் இ-பாஸ் விஷயத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள்.
- கழிவு. அழுகல், எடைக் குறைவு. காய்க்கு நான் 5 சதவீதம் வைக்கிறேன்.
- பேக்கிங் செலவு. இங்கே பிளாஸ்டிக் பை நடக்காது, சாக்கும் துணிப்பையும் காகிதமும்தான். கீழே கட்டி அனுப்புகிறவரிடம் முன்கூட்டியே சொல்லாவிட்டால் சோதனைச் சாவடியில் அபராதம் உங்கள் தலையில்.
- முடங்குகிற பணத்துக்கு வட்டி. ஆணை கிடைத்ததும் கட்டுகிற காப்புத் தொகை ஒரு பக்கம், வராத பில் ஒரு பக்கம்.

ஜி.எஸ்.டி. சேர்த்தா, சேர்க்காமலா என்று ஒவ்வொரு இனத்துக்கும் பாருங்கள். பதப்படுத்தாத காய்கறிக்கு வரி இல்லை, ஆனால் அதே பட்டியலில் இருக்கிற மற்ற சாமானுக்கு இருக்கலாம். வரி உண்டான பொருளில் ஒப்பந்தம் இரண்டரை லட்சத்தைத் தாண்டினால் பில்லில் 2 சதவீதம் ஜி.எஸ்.டி. பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். அது உங்கள் கணக்கில் வரவாகும், நஷ்டம் இல்லை, ஆனால் கையில் வருகிற பணம் குறையும். சேவை ஒப்பந்தம் என்றால் வருமான வரிப் பிடித்தமும் உண்டு, தனிநபருக்கு 1, நிறுவனத்துக்கு 2 சதவீதம்.

அலகை இரண்டு தடவை பாருங்கள். கிலோவா, குவிண்டாலா, டஜனா? பட்டியலில் எல்லாம் கிலோவாக இருந்து நடுவில் ஒன்று மட்டும் 100 கிராம் என்று இருக்கும்.

7. தளத்தில் ஏற்றுவது

முதல் டெண்டர் கதை. கடைசி நாள், மூன்று மணி. பன்னிரண்டு மணிக்கு உட்கார்ந்தேன். மழை. பன்னிரண்டரைக்குக் கரண்ட் போனது. மடிக்கணினியில் சார்ஜ் இருந்தது, கைபேசி ஹாட்ஸ்பாட்டில் ஓட்டினேன், டவர் ஒரு கோடு காட்டியது, அதுவும் வந்து வந்து போனது. எல்லாக் கோப்பும் ஏறிவிட்டது என்று நிம்மதியாக மூடிவிட்டு டீ குடிக்கப் போனேன். கடைசியில் ஃப்ரீஸ் என்று ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அழுத்தினால்தான் டெண்டர் சமர்ப்பித்ததாகக் கணக்கு என்று எனக்கு அப்போது தெரியாது. தெரிந்தபோது மணி மூன்றரை.

ஆகவே, மலையில் இருக்கிறவர்களுக்குக் கடைசித் தேதி என்பது அறிவிப்பில் போட்டிருக்கிற தேதிக்கு மூன்று நாள் முன்னால். முன்னாலேயே போட்டால் விலை வெளியே தெரிந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். மறையாக்கம் செய்துதான் வைக்கிறார்கள், திறக்கிற நேரத்தில் அதற்கான அதிகாரிகள் தங்கள் டோக்கனைப் போட்டால்தான் திறக்கும். நேரம் முடியும்வரை நீங்களே மாற்றி மறுபடியும் சமர்ப்பிக்கலாம்.

வரிசை இது. காகிதங்களைக் கருப்பு வெள்ளையில், 100 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்குங்கள், கலரில் எடுத்தால் கோப்பு பெருத்து நம் ஊர் இணையத்தில் ஏறாது. எல்லா டெண்டருக்கும் பொதுவான பான், ஜி.எஸ்.டி. போன்றவற்றைத் தளத்தில் உங்கள் பகுதியில் சேமித்து வைக்கலாம். தொழில்நுட்பக் கவரில் தப்பித்தவறிக்கூட விலை இருக்கக்கூடாது, பழைய கொட்டேஷன் நகல் ஒன்று ஒட்டிக்கொண்டு போனாலும் ஆபத்து. விலைப்பட்டியல் எக்செல் கோப்பாக இருக்கும், அதன் பெயரை மாற்றாதீர்கள், நிறமிட்ட கட்டங்களில் மட்டும் நிரப்புங்கள், மேக்ரோவை அனுமதித்து எக்செல்லிலேயே திறங்கள். தொகையை எழுத்திலும் காட்டும். அந்த எழுத்தை வீட்டில் யாரையாவது சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். என் அம்மா படித்துத்தான் ஒரு பூஜ்யம் கூடியதைக் கண்டுபிடித்தேன்.

கடைசியாக ஃப்ரீஸ். அப்புறம் வருகிற ஒப்புகைச் சீட்டை அச்செடுத்து ஃபைலில் போட்டால்தான் வேலை முடிந்தது. நேரம் தளத்தின் மேலே ஓடுகிற கடிகாரப்படிதான், உங்கள் சுவர்க் கடிகாரப்படி இல்லை.

8. திறந்த பிறகு

முதலில் தொழில்நுட்பக் கவர், அதில் தேறியவர்களுக்கு மட்டும் விலைக் கவர். இரண்டின் நிலையும் தளத்தில் தெரியும். குறைந்த விலை போட்டவரை எல்-1 என்பார்கள். விலையைக் குறைக்கச் சொல்லிப் பேசுவதென்றால் அவரோடு மட்டும்தான் பேச முடியும். நீங்கள் எல்-2 ஆக இருந்து, கொஞ்சம் குறைத்தால் உங்களுக்கே வாங்கித் தருகிறேன் என்று யாராவது போன் பண்ணினால் ஃபோனை வைத்துவிடுங்கள்.

தள்ளுபடி நியாயமில்லை என்று தோன்றினால், முடிவாணை கையில் கிடைத்த நாளிலிருந்து 10 நாளுக்குள் அரசுக்கு மேல்முறையீடு செய்யலாம், சட்டத்தின் 11வது பிரிவு. என்னுடையது என் தப்பு, நான் போகவில்லை.

9. ஆணை வந்ததும்

ஏற்புக் கடிதத்தில் எத்தனை நாளில் காப்புத் தொகை கட்டி ஒப்பந்தம் போட வேண்டும் என்று இருக்கும். மாநில விதியில் இது ஆணை மதிப்பில் 5 சதவீதத்துக்கு மேல் போகாது. 20 லட்சத்துக்கு ஒரு லட்சம், ஒப்பந்தக் காலம் முழுக்க முடங்கும். இந்தப் பணத்தையும் முதல் இரண்டு மாதச் சரக்குக்கான பணத்தையும் கையில் வைத்துக்கொண்டுதான் டெண்டரே போட வேண்டும். எல்-1 ஆன பிறகு வட்டிக்குத் தேடினால் லாபம் முழுக்க அங்கே போய்விடும். முத்திரைத்தாளை உங்கள் கடைப் பெயரில் வாங்குங்கள்.

ஒவ்வொரு தடவை இறக்கும்போதும் எடை, தேதி, கையெழுத்து, முத்திரையோடு ரசீது. தெரிந்த வார்டன்தானே, நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள், அவர் மாற்றலாகிப் போய்விடுவார். நிலச்சரிவில் குன்னூர்ச் சாலை அடைத்துவிட்டால் அன்றைக்கே எழுத்தில் தெரிவித்து, கோத்தகிரி வழியாக எப்போது வரும் என்றும் சேர்த்து எழுதுங்கள். போனில் சொன்னது தாமத அபராதத்தைத் தடுக்காது.

பில்லை மாதாமாதம் கொடுங்கள். மார்ச்சில் முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள், 31ஆம் தேதி தாண்டினால் புதிய ஆண்டு நிதி ஒதுக்கீடு வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளில் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, தராவிட்டால் இந்த நிலுவைகளை விசாரிக்க மாநில அரசு வைத்திருக்கிற வசதியாக்க மன்றத்தில் முறையிடலாம். தயாரிப்பாளர், சேவை தருகிறவர் இதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள், வியாபாரிகளுக்கு அங்கேயும் கதவு சாத்தித்தான் இருக்கிறது.

ஒப்பந்தம் முடிந்ததும் காப்புத் தொகை தானாகத் திரும்பி வராது. திருப்திகரமாக முடித்ததற்கான சான்றையும் தொகையைத் திருப்பித் தரக் கோரும் கடிதத்தையும் ஒரே நாளில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வாருங்கள். நான்காவது டெண்டரின் தொகை எனக்கு இப்படிக் கொடுத்து ஏழு வாரத்தில் வந்தது. மூன்றாவதின் தொகைக்குக் கடிதமே கொடுக்காமல் ஒரு வருடம் காத்துக்கொண்டிருந்தேன்.